மரத்தொட்டியும் மாறாத ஈரமும்: வாசகர் கேள்வி – பதில்

திறந்தவெளியில் அமர்ந்து குளிப்பதற்கான மரத்தொட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்திகள் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் பார்த்தபோது, சென்னையில் பல வீடுகளின் தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் இவை இடம்பிடித்திருப்பதும், வாங்கியவர்களில் பலருக்குப் பராமரிப்பு முறை சரியாகச் சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்தன. ஜப்பானில் ஹினோக்கி என்னும் மரத்திலும், அமெரிக்காவில் சீடர் மரத்திலும் இவற்றைச் செய்கிறார்கள்; நம் ஊரில் பெரும்பாலும் தேக்கு. தொட்டியோடு வரும் குறிப்புத்தாள் குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கத்திரி வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் கடற்காற்றையும் கொசுவையும் அது அறியாது. ஆகவே இந்த இதழில் முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான்கு அடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் உள்ள தேக்குத் தொட்டியைத் தோட்டத்தில் வைத்திருக்கிறோம். முதல் நாள் தண்ணீர் விட்டபோது ஏறக்குறைய எல்லா இணைப்புகளிலும் ஒழுகியது. மூன்று நாள்கள் கழிந்தும் இரண்டு இடங்களில் சொட்டுகிறது. சிலிக்கான் பசை பூசி அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?
— ஒரு வாசகர், பெசன்ட் நகர்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் தொட்டியில் பழுது ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அது இன்னும் தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொட்டி பீப்பாய் செய்யும் முறையில் கட்டப்பட்டது. நின்ற வாக்கில் அடுக்கிய பலகைகளுக்கு இடையே ஆணியும் இல்லை, பசையும் இல்லை. வெளியே இறுக்கியிருக்கும் உலோகப் பட்டைகள் மட்டுமே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். தன் உலர் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு ஈரம் ஏறும் வரை இந்த உப்பல் தொடரும். பலகைகள் நின்ற வாக்கில் இருப்பதால் உப்பல் முழுவதும் தொட்டியின் சுற்றளவின் வழியே செல்கிறது. பட்டை விரிந்து கொடுப்பதில்லை. எனவே பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இணைப்புகளைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று. கோடையில் ஆரக்கால்கள் ஆடத் தொடங்கி இரும்புப் பட்டை கழன்று வருவதுபோல் இருந்தால், சக்கரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போட்டு எடுப்பார்கள். அதே வித்தைதான் இங்கும் நடக்கிறது.

புதுத் தொட்டியை முதல் நாளே விளிம்பு வரை நிரப்பியிருக்கக் கூடாது. முதலில் அரை அடித் தண்ணீர் விட்டு அடிப்பலகையும், அதைத் தாங்கச் சுற்றுப் பலகைகளின் உட்புறம் வெட்டிய பள்ளமான காடியும் ஊறவேண்டும். ஒழுக்கு குறைந்த பின் இன்னொரு அரை அடி. இப்படியே மேலேற வேண்டும். மேல்பகுதிப் பலகைகளின் உட்புறத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் அவையும் கூடவே ஊறும். ஒரு வாரம், பத்து நாள் வரை ஆங்காங்கே சொட்டுவது இயல்புதான். காய்ந்த நிலையில் பட்டைகளை இறுகப் பிடிக்கும் அளவுக்கு முடுக்கலாம். மரம் உப்பத் தொடங்கிய பிறகு ஒழுக்கைக் கண்டு பதறி மேலும் மேலும் முடுக்குவது பெரும் தவறு. விரிய இடமில்லாத மரத்தின் நார்கள் நசுங்கிவிடும். நசுங்கிய நார் மறுபடி நிமிராது. அடுத்த முறை காயும்போது பலகை முன்பைவிடக் குறுகலாகச் சுருங்கும். இன்று அளவுக்கு மீறி முடுக்கிய தொட்டி, அடுத்த ஆண்டு அதிகமாக ஒழுகும்.

சிலிக்கான் பசை ஈர மரத்தில் ஒட்டாது. ஒட்டிய இடத்திலோ, இணைப்பு முழுவதும் மூடிக்கொள்ள விடாமல் நடுவே ஒரு ரப்பர்த் துண்டாக நின்றுவிடும். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் ஒரே இடத்தில் நீர் கசிந்தால், அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, தண்ணீரை வடித்துவிட்டு, முறுக்காத பருத்தி நூலை மழுங்கிய உளியால் இணைப்புக்குள் மெல்ல அழுத்துங்கள். நைலான் நூல் வேண்டாம். அது ஊறி உப்பாது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கடற்கரையில் அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுசென்ற மசூலாப் படகுகளை ஆணி இல்லாமல், பலகைகளின் இணைப்பில் நாரை வைத்துக் கயிற்றால் தைத்தே செய்தார்கள். நீரில் ஊறும் நாரைக்கொண்டு மர இணைப்பை அடைக்கும் அறிவு உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் புழங்கியதுதான்.

கேள்வி: மே மாதம் முழுவதும் சொந்த ஊரில் இருந்தோம். கிளம்பும் முன் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, நன்றாகக் காயவைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மேல்பட்டை நழுவிக் கீழே கிடக்கிறது. பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறது. தொட்டி போய்விட்டதா?
— ஒரு வாசகி, முகப்பேர்

பதில்: போகவில்லை, அம்மா. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் தவறாகப் போயிற்று, ஆனால் மீட்டுவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். நான்கு அடி விட்டமுள்ள தொட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 150 அங்குலம். நன்றாக ஊறிய நிலையிலிருந்து அகலவாக்கில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கினாலே, சுற்றிலும் சேர்த்து இரண்டே கால் அங்குல இடைவெளி விழும். நாற்பது பலகைகள் இருந்தால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. வெளிச்சம் தெரிவதற்கும், இறுக்கிப் பிடிக்க ஏதும் இல்லாமல் பட்டை நழுவுவதற்கும் அது போதும்.

பட்டைகளை முன்பு இருந்த இடத்திற்கு உயர்த்துங்கள். பலகையில் அதன் தடம் தெரியும். பலகைகளின் மேல்விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, முன்வந்த பலகையை மரச்சுத்தியலால், நடுவே ஒரு கட்டையை வைத்துத் தட்டிச் சரிசெய்துவிட்டு, பட்டைகளை நழுவாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பிறகு முந்தைய பதிலில் சொன்னபடி சிறிது சிறிதாக நீரேற்றுங்கள். ஈரச் சாக்குகளை உள்ளும் வெளியும் போர்த்தி இரண்டு நாள் நிழலில் வைத்த பிறகு நீர்விடத் தொடங்கினால் பலகைகள் கோணாமல் ஊறும்.

இந்த இதழில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மரத்தொட்டியைக் கெடுப்பது தண்ணீர் என்று பலரும் நினைக்கிறார்கள். நனைவதும் காய்வதும், மறுபடி நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நேர்வதே அதைக் கெடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பலகை கொஞ்சம் கோணுகிறது, கொஞ்சம் விரிசல் விடுகிறது, கொஞ்சம் நசுங்குகிறது. சென்னையின் மே மாத வெயில் நேரடியாக விழும் இடத்தில் காலித் தொட்டி ஒரு வாரம் நின்றாலே இது தொடங்கிவிடும். நிழல் கொடுங்கள். பனையோலைப் பந்தலோ, தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும் பச்சை நிழல்வலையோ போதும். வெளியூர் போகும்போது அடியில் ஓர் அடித் தண்ணீராவது நிற்கட்டும்; மேல்பகுதியை மூடி காக்கட்டும்.

நிற்கும் தண்ணீர் என்றவுடன் எழும் அச்சத்தையே அடுத்த வாசகர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த பெண் பணியாளர், எங்கள் தொட்டியில் புழு இருப்பதைக் காட்டி உடனே கொட்டச் சொன்னார். கொட்டிவிட்டோம். தொட்டியைக் காயவிடக் கூடாது என்கிறீர்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். எதைக் கேட்பது?
— ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: அந்தப் பணியாளர் சொன்னதையே முதலில் கேட்க வேண்டும். வீடு வீடாகப் படியேறி அவர்கள் செய்யும் வேலை எளிதானதன்று. அவர்கள் கண்ணில் பட்டது உங்கள் நல்லதிர்ஷ்டம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சியோ சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகிப் பழகியது. உங்கள் மரத்தொட்டி இரண்டுக்கும் ஏற்ற இடம். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. சொரசொரப்பான மரச்சுவர் அதற்கு மிக வசதி. அந்த முட்டைகள் நீர் இல்லாமலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டக் கோட்டைச் சுற்றிலும் நார்த்தூரிகையால் தேய்த்துக் கழுவினால்தான் வேலை முடிந்தது.

முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். அதற்குள் ஒரு நாள் வந்துவிடுவதுபோல வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையை வைத்துக்கொண்டு, முழுத் தண்ணீரையும் வடித்து, உள்ளே தேய்த்துக் கழுவி, அன்றே புதுத் தண்ணீர் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரக் காலி இருப்பு மரத்தை ஒன்றும் செய்யாது. மற்ற நாள்களில் இடைவெளியே இல்லாமல் பொருந்தும் மூடி வேண்டும். மரமூடி காலப்போக்கில் சற்றுக் கோணுவது இயல்பு; எனவே விளிம்பைச் சுற்றி நெகிழ்பட்டை வைத்துத் தைத்த கொசுவலை ஒன்றை முதலில் போர்த்தி, அதன்மேல் மூடியை வையுங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதென்றால், வாரம் ஒரு முறை வந்து நீரை மாற்ற யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு வழியில்லையென்றால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தொட்டியை வடித்துவிடுங்கள்; நிழலில், ஈரச் சாக்குப் போர்த்தி விட்டுச் செல்லுங்கள். பலகை சுருங்கினால் மீட்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். ஆறே மாதத்தில் போல்ட்டுகளைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு. நீர்மட்டத்தில் வெள்ளைப் படிவு. மரம் அழுகுகிறதா?
— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: மை கொட்டியதுபோல் என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மையிலேயே அது மைதான். கடுக்காய்ச் சாற்றோடு இரும்புச் சத்தான அன்னபேதியைச் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை செய்தார்கள். மரத்தில் இயல்பாக இருக்கும் துவர்ப்புப் பொருள், போல்ட்டிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வரும் இரும்போடு சேர்ந்து அதே மையை உங்கள் தொட்டியில் உண்டாக்கியிருக்கிறது. அழுகல் அன்று. குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் கவலையில்லை.

கறையை நீக்க ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் நீர்க்கக் கரைத்துப் பூசி, கறை மங்கியதும் பலமுறை கழுவ வேண்டும். அது நச்சுப்பொருள், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வேளையில் செய்யாதீர்கள். வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் சுண்ணாம்பு. அதற்குச் சிட்ரிக் அமிலக் கரைசலோ வினிகரோ போதும். இவற்றில் எதையும் பிளீச்சிங் பவுடரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். ஒரே நாளில் இரண்டையும் கையில் எடுக்காமலிருப்பது நல்ல வழக்கம்.

ஆனால் இரும்பு போல்ட் இருக்கும்வரை கறை திரும்பத் திரும்ப வரும். துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் 304 என்னும் வகையைவிட 316 என்னும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்; உப்புக் காற்றில் முன்னது பழுப்பேறிப் புள்ளி விழும், பின்னது நெடுநாள் தாங்கும். மெட்ரோ தண்ணீரோ, வடிகட்டிச் சேமித்த மழைநீரோ கிடைக்கும் நாள்களில் தொட்டிக்கு அதைப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்புப் படிவு கண்கூடாகக் குறையும்.

கேள்வி: உட்புறத்தில் வார்னிஷ் அடிக்கலாமா? வெளிப்புறம் சாம்பல் நிறமாகிவிட்டது.
— ஒரு வாசகி, போரூர்

பதில்: உட்புறத்தில் எதுவும் அடிக்கக் கூடாது, வார்னிஷ், பெயின்ட், மெழுகு எதுவுமே வேண்டாம். படலத்துக்கு அடியில் புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, முதலில் கொப்புளமாகவும் பிறகு செதிலாகவும் உரிந்து, நீங்கள் அமரும் தண்ணீரில் மிதக்கும். வெளிப்புறத்தின் சாம்பல் நிறம் வெயிலால் வந்தது, மேற்பரப்பளவில் மட்டும் இருப்பது, கேடு செய்யாதது. எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பழைய தேக்கு நிறமே வேண்டுமென்றால், மழைக்காலம் முடிந்து மரத்தின் வெளிமுகம் உலர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தேக்கு எண்ணெயை மிக மெல்லிதாக ஒரு முறை பூசி, உறிஞ்சாமல் நிற்பதைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தேக்கு எண்ணெயில் சேர்க்கப்படும் ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துக் காயவைத்தோ, தண்ணீரில் முக்கியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

கேள்வி: தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து இந்தத் தொட்டியில் குளிக்க வேண்டும் என்று என் மாமனார் ஆசைப்படுகிறார். வேப்பிலை, மஞ்சள் போடலாமா என்றும் கேட்கிறார்.
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: மாமனாரின் ஆசை நியாயமானது, வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ அரப்போ போட்டு வெளியே நன்றாக அலசிக் குளித்த பிறகு, சுத்தமான உடம்போடு தொட்டியில் இறங்கி வெந்நீரில் அமரட்டும். ஜப்பானியர் செய்வதும் இதுதான். உடம்பைத் தேய்த்துக் கழுவுவது வெளியே, தொட்டி ஊறுவதற்கு மட்டுமே என்பதால்தான் ஒரே தண்ணீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்க முடிகிறது. எண்ணெய் மரத்துளைகளில் புகுந்தால் சிக்குவாடை அடிக்கும், பாசி பிடிக்கும், கால் வழுக்கும். அறுபதைக் கடந்தவர் வழுக்கும் தொட்டியில் இறங்குவது நினைக்கவே அச்சமான காரியம். சோப்பும் அவ்வாறே தொட்டிக்குள் வரக் கூடாது.

வேப்பிலையும் வெட்டிவேரும் மெல்லிய துணிப்பையில் முடிந்து போடலாம், குளித்ததும் எடுத்துவிடுங்கள். மஞ்சள் வேண்டாம், கறை போகாது. குளியல் உப்புகளும் வேண்டாம், பட்டைகளும் போல்ட்டுகளும் அரிக்கும். பெரியவருக்கு இரத்த அழுத்தமோ, இதய நோயோ, சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீரில் அமர வைக்காதீர்கள். யாராக இருந்தாலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் வைக்கலாமா? சின்டெக்ஸ் தொட்டியே மேலே நிற்கும்போது இது நிற்காதா என்கிறார் ஒப்பந்தக்காரர்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டதற்கு நன்றி.

நான்கு அடி விட்டமுள்ள தொட்டியில் இரண்டு அடி உயரத்துக்கு நீர் நின்றால் ஏறக்குறைய 710 லிட்டர்; அதன் எடை 710 கிலோ. ஊறிய மரமும் பட்டைகளும் நூறு கிலோவுக்கு மேல். இருவர் அமர்ந்தால் இன்னும் 130 கிலோ. ஆக ஒரு டன்னை நெருங்குகிறது. இந்த எடை முழுவதும் ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர் பரப்பில் இறங்குகிறது. அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலை வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், சுமார் 150 கிலோதான். குடிநீர்த் தொட்டிக்குக் கட்டடம் வரையும்போதே தூண்களின் மேலோ உத்தரங்களின் மேலோ இடம் ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் மரத்தொட்டிக்கு யாரும் ஒதுக்கவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, உத்தரங்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்டு, எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே தொட்டி படியேற வேண்டும். வெளியே நீட்டிய பால்கனியில் வைப்பதை யோசிக்கவே வேண்டாம்.

தரையோ மாடியோ, வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். அடிப்பலகையின் குறுக்கே மூன்று நான்கு தாங்குகட்டைகள் கொடுத்து, எடை முழுவதையும் அடிப்பலகை வழியே இறக்க வேண்டும். சுற்றுப் பலகைகளின் கால்கள் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். அவை தரையில் ஊன்றினால், நீரின் எடை காடியைக் கீழ்நோக்கி அறுக்கும். தாங்குகட்டைகளுக்குக் கீழே கருங்கல் துண்டுகளை வைத்துக் காற்று புகும்படி உயர்த்தினால் கரையானும் ஏறினால் கண்ணில் படும். கார்த்திகை மாதப் புயலில் காலித் தொட்டி உருண்டுபோகக் கூடியது. எச்சரிக்கை வந்தால் நீரை நிரப்பி வைத்து, மூடியை மட்டும் உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: தண்ணீரைத் தினமும் மாற்ற முடியவில்லை. நான்காம் நாள் குளித்தபோது என் மகனுக்கு உடம்பில் அரிப்போடு சிவந்த பருக்கள் வந்தன. மரம் ஒத்துக்கொள்ளவில்லையா?
— ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி, வெந்நீர்த் தொட்டியில் குளித்ததையும் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக நின்ற நீரில் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி, மயிர்க்கால்களைத் தாக்கி, குளித்த சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் இத்தகைய பருக்களை உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட ஒன்று. பெரும்பாலும் தானே அடங்கும். மரத்தின் துளைகள் அந்த நுண்ணுயிர்ப் படலத்துக்குப் பதுங்குமிடமாவதால், கண்ணாடி இழைத் தொட்டியைவிட மரத்தொட்டியில் தூய்மைக்குக் கூடுதல் கவனம் தேவை. சுவரைத் தடவும்போது வழுவழுவென்று இருந்தால் படலம் வந்துவிட்டது என்று பொருள்.

சுழற்சி, வடிகட்டி, மருந்து எதுவும் இல்லாத தொட்டியில் வெந்நீரை மறுநாளுக்கு வைக்காதீர்கள். குளித்த நீரை அன்றே வடித்து, மரத்தை ஈரமாக வைக்கக் குளிர்ந்த நீரை விட்டு, அடுத்த முறை இறங்கும் முன் அதையும் மாற்றுங்கள். வாரக் கழுவலின்போது ஆப்ப சோடாவும் மென்மையான தூரிகையும் போதும். மர ரேகையின் வாக்கிலேயே தேய்க்க வேண்டும். கார் கழுவும் அழுத்தக் குழாயை உள்ளே காட்டினால் மென்மையான நார் பறந்து ரேகை பள்ளமாகும். சுழற்சி உள்ள தொட்டியானால், நீரில் குளோரின் பத்து லட்சத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும், காரகாடித்தன்மை (pH) 7-க்கும் 7.8-க்கும் இடையே நிற்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெந்நீர்த் தொட்டிகளுக்குச் சொல்கிறது. சோதனைத் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நல்லதென்றால் பத்து இன்னும் நல்லது என்று கொட்டிவிட வேண்டாம். மிகையான குளோரின் மரநாரைப் பிணைக்கும் லிக்னினைக் கரைத்து, பலகையைப் பஞ்சுபோல் மயிர்க்கச் செய்துவிடும்.

சிறு குழந்தைகள் வெந்நீர்த் தொட்டிக்குள் வரவே வேண்டாம். மூடிக்குப் பூட்டும் போடுங்கள்.

கேள்வி: ஒரு குளியலுக்கு எழுநூறு லிட்டர் என்பது தகுமா? வீட்டில் இதைப் பற்றிச் சண்டையே நடக்கிறது.
— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: சண்டை போடுகிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் திட்டமிடலுக்கு வைத்திருக்கும் அளவு. உங்கள் ஒரு குளியல் ஐந்து பேரின் ஒரு நாள் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்துநின்ற ஊர் இது. மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 710 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 9 யூனிட் ஆகும்.

ஆகவே என் கருத்து இது. வடியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல், குழாய் வைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் கழிவறைக்கும் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்த பிறகே தொட்டியை நிறுவ வேண்டும். சோப்பும் உப்பும் குளோரினும் சேராத நீர் செடிக்குக் கேடு செய்யாது. அந்த ஏற்பாடு இருந்தால் தோட்டத்துக்கு எப்படியும் விட வேண்டிய நீர், தொட்டி வழியாகச் சுற்றிப்போகிறது என்றே கொள்ளலாம். ஏரிகள் வற்றிய ஆண்டில் தொட்டிக்கு ஈரச் சாக்குப் போர்த்தி ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு காலம் உழைக்கும்? முதலில் எந்த இடம் கெடும்?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: காலம், வாங்கிய மரத்தைப் பொறுத்தது. வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியில் அறுத்த தேக்கா, ஓரத்தில் வெளிர்ப்பகுதியோடு அறுத்ததா என்று ஒவ்வொரு பலகையாகப் பார்க்க வேண்டும். கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் பொருள் வைரத்தில்தான் இருக்கிறது, வெளிர்ப்பகுதியில் இல்லை. ஒரே ஒரு பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் இருந்தாலும் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். புதிதில் நீர் தேநீர் நிறமாக வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சில முறை மாற்றியதும் தெளிந்துவிடும்.

எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி எளிதில் கெடுவதில்லை. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை பல தலைமுறை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும், நீருக்கடியில் காற்று இல்லை. ஈரமும் காற்றும் சேரும் இடங்கள் மூன்று: நீர்மட்டக் கோடு, பட்டைகளுக்குப் பின்புறம், தரையை நோக்கிய பலகை முனைகள். ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனியில் வெயில் ஏறுவதற்கு முன், இந்த மூன்று இடங்களிலும் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகத் தடுத்தால் நலம். சோற்றுக்கற்றாழையில் குத்துவதுபோல் இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும்.

மாற்றுவது நடக்கக் கூடிய காரியமே. பட்டைகளைத் தளர்த்துவதற்கு முன் எல்லாப் பலகைகளுக்கும் உட்புறம் பென்சிலால் வரிசை எண் இடுங்கள். இடம் மாறினால் காடி பொருந்தாது. கெட்ட பலகையை எடுத்து, அதன் இரு ஓரங்களின் சாய்வையும் காடியின் ஆழத்தையும் பிசகாமல் அளந்து, அதே தடிமனுள்ள நன்கு உலர்ந்த வைரப் பலகையில் புதியதைச் செய்யச் சொல்லுங்கள். பழைய பலகையையே கையோடு மரக்கடைக்கு எடுத்துச் சென்று, ரேகை ஒத்துவரும் துண்டாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. புதுப் பலகை மற்றவற்றைவிட அதிகமாக உப்பும் என்பதால், பொருத்திய அன்று அரை மில்லிமீட்டர் தளர்வாகவே இருக்கட்டும்.